மகளுக்கு அனுப்பிய பொங்கல்படிக்கும் கணக்குக் கேட்பார்களா?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் இருக்கிறேன், வயது 68. என் மகள் பர்மிங்ஹாமில் நிரந்தர வசிப்புரிமையோடு இருக்கிறாள். கணவரைப் பிரிந்து, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பகுதி நேர வேலை பார்க்கிறாள். யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகையும் வருகிறது. துபாயில் இருக்கும் என் மகன் மாதாமாதம் தங்கைக்கு 200 பவுண்டு போடுகிறான். நாங்கள் பொங்கல்படி, தீபாவளிப்படி அனுப்புவோம். இப்போது நாலு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டிருக்கிறார்களாம், பயந்துபோயிருக்கிறாள். வீரவநல்லூர்ப் பக்கம் இருந்த என் வயலைப் போன மாதம் விற்றேன். அந்த 15 லட்சம் எனக்கும் அவளுக்கும் பொதுவான கணக்கில் கிடக்கிறது. அதை அவளுக்கே அனுப்ப நினைத்தோம். நாங்கள் குடியிருக்கும் வீடும் செட்டில்மென்ட் எழுதி அவள் பேரில்தான் இருக்கிறது. அதை மகன் பேருக்கு மாற்றிவிட்டால் தொல்லை விடுமா?

பதில்: அண்ணாச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வீட்டை மாற்றாதீர்கள். காரணம் கீழே வருகிறது.

ஸ்டேட்மென்ட் கேட்டதுமே மோசடி வழக்கு வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பிரிட்டனின் வேலை, ஓய்வூதியத் துறை இப்போது யுனிவர்சல் கிரெடிட் வாங்குகிறவர்களை வரிசையாக எடுத்து மறு ஆய்வு செய்கிறது. அடையாளச் சான்று, வாடகை விவரம், எல்லா வங்கிக் கணக்குகளின் நாலு மாத வரவு செலவு, இவ்வளவுதான் கேட்பார்கள். அப்புறம் போனில் பேசுவார்கள். பதில் போடாமல் இருந்தால் பணம் நின்றுவிடும். ‘எல்லா’ கணக்குகள் என்ற இடத்தில்தான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். சம்பளம் வருகிற கணக்கை மட்டும் காட்டிவிட்டு, மொபைல் ஆப்பில் தொடங்கிய சின்னக் கணக்கையும் ஊரில் இருக்கும் கணக்கையும் விட்டுவிடுவார்கள். காட்டிய கணக்கிலிருந்து காட்டாத கணக்குக்குப் பணம் போன வரி ஒன்று ஸ்டேட்மென்டில் இருந்தால் போதும், அடுத்த கேள்வி அதுதான்.

அதிகாரி அந்தத் தாள்களில் எதைத் தேடுவார்? சொல்லாத சம்பளம், சொல்லாத சேமிப்பு, சொல்லாத துணை. ஒரே பெயரிலிருந்து மாதாமாதம் ஒரே தொகை வந்தால் நின்று பார்ப்பார். நம் ஊர்ப் பெயர் முறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. அண்ணனுக்கும் தங்கைக்கும் பொதுவான குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான் உறவைச் சொல்லும். உங்கள் மகள் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் ஒட்டியிருந்தால் அதுவும் போச்சு. அங்கே உட்கார்ந்து பார்க்கிறவருக்கு உங்கள் மகன் யாரோ ஓர் ஆண். கூட வாழ்கிறவரா, வேலை கொடுத்தவரா என்று அவருக்குத் தெரியாது. ஆகவே அப்பா பெயர் போட்ட இருவரின் பிறப்புச் சான்றிதழ்களையும், ‘இது என் தங்கைக்கு நான் தரும் உதவி, திருப்பித் தர வேண்டியதில்லை’ என்று மகன் எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் அந்த வரிகளில் தெரியும். லீவுக்கு வந்து திருநெல்வேலி டவுனில் ஜவுளிக்குக் கார்டு தேய்த்தது, பாபநாசம் போகிற வழியில் பெட்ரோல் போட்டது எல்லாம் தேதியோடு இருக்கும். பொதுவாக ஒரு மாதம் வரைதான் வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்த உதவித்தொகையை வாங்கலாம். நெருங்கிய உறவு தவறிப்போய், திரும்புவது நியாயமில்லாத நிலையில் இன்னொரு மாதம் கிடைக்கும். ஆடி மாதம் வந்து ஆவணி கடைசியில் திரும்புவது சரிப்படாது.

சரி, பொங்கல்படி. யுனிவர்சல் கிரெடிட்டுக்கான 2013 விதிகள், சம்பளம் தவிர எவையெல்லாம் வருமானம் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கின்றன. அதில் பிரிந்த கணவர் மனைவிக்குத் தரும் ஜீவனாம்சம் உண்டு. பிள்ளைகளுக்காகத் தரும் பராமரிப்புத் தொகை வருமானத்தில் வராது. அப்பா, அம்மா, அண்ணன் பாசத்தில் தருவது பட்டியலிலேயே இல்லை. ஆக உங்கள் படியோ மகனின் 200 பவுண்டோ வருமானமாகக் கழிக்கப்படாது. ஆனால் செலவழியாமல் கணக்கில் தங்கினால் அது சேமிப்பு. பழைய சேமிப்போடு சேர்ந்து 6,000 பவுண்டைத் தாண்டியதும் கணக்கு வேறு. தாண்டிய ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் மாதம் 4.35 பவுண்டு வருமானம் இருப்பதாக வைத்துக் கழிப்பார்கள், மிச்சம் 250-க்குக் குறைவாக இருந்தாலும் அதற்கும் முழு 4.35. 16,000 பவுண்டைத் தாண்டினால் உதவித்தொகையே கிடையாது.

உங்கள் 15 லட்சத்தை பவுண்டு 120 ரூபாய் என்று வைத்து மாற்றினால் 12,500 பவுண்டு. மகளிடம் வேறு சேமிப்பே இல்லாவிட்டாலும் மாதம் 113 பவுண்டு குறையும். வாங்கியதைத் தன் யுனிவர்சல் கிரெடிட் ஜர்னலில், அதாவது துறைக்குச் செய்தி எழுதும் இணையப் பக்கத்தில், அன்றைக்கே எழுதினால் குற்றம் ஒன்றுமில்லை, தொகை குறையும், அவ்வளவுதான். எழுதாமல் விட்டால்தான் வம்பு. என்னைக் கேட்டால், மொத்தமாக அனுப்பவே வேண்டாம். வயல் உங்களுடையது, பணமும் உங்களுடையதாகவே இருக்கட்டும். பிள்ளைகள் படிப்புக்கோ குளிர்காலத்து மின்சார பில்லுக்கோ தேவைப்படும்போது கொடுங்கள்.

அப்படி இருக்க, அது கிடக்கும் இடம் சரியில்லை. பொதுக் கணக்கில் உள்ள பணத்தை, வேறு ஆதாரம் இல்லாவிட்டால், ஆளுக்குச் சரிபாதி என்றே அந்த விதிகள் எடுத்துக்கொள்ளும். 15 லட்சத்தில் ஏழரை லட்சம் இப்போதே அவளுடையதாகிவிடும். ஆதாரம் உங்களிடம் இருக்கிறது: உங்கள் பேரில் இருந்த பட்டா, வயலை விற்ற கிரையப் பத்திரம், கிரையத் தொகை வரவான பாஸ்புக் பக்கம். இவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மகள் அந்தக் கணக்கையும் தானாகவே காட்டி, ‘இது அப்பாவின் பணம், நான் போட்டதும் இல்லை, எடுத்ததும் இல்லை’ என்று எழுத வேண்டும். அவள் எப்போதாவது அதிலிருந்து எடுத்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அப்புறம் பணத்தை உங்கள் தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். மாற்றிவிட்டுக் கணக்கையே மறைப்பது ஆகாத வேலை.

வீட்டுக்கு வருவோம். வெளிநாட்டில் உள்ள சொத்தும் கணக்கில் உண்டு. அந்த ஊர்ச் சந்தை விலையைப் பவுண்டில் மாற்றி, விற்கும் செலவுக்குப் பத்து சதவீதம் கழித்துப் பார்ப்பார்கள். அம்பையில் ஒரு வீடு என்றால் சுலபமாக 16,000 பவுண்டைத் தாண்டும். ஆனால் உங்களுக்கு வசதியாக ஒரு விலக்கு இருக்கிறது. பெற்றோர் போன்ற நெருங்கிய உறவு, பிரிட்டனின் ஓய்வூதிய வயதைத் தாண்டியவராக இருந்து அந்த வீட்டில் குடியிருந்தால், அதன் மதிப்பைச் சேர்க்க மாட்டார்கள். அந்த வயது 66, 2026 ஏப்ரலிலிருந்து படிப்படியாக 67 ஆகிறது. உங்களுக்கு 68, நீங்கள் அங்கேதான் இருக்கிறீர்கள். நாளைக்கு நீங்கள் மகனோடு போய்விட்டு வீட்டை வாடகைக்கு விட்டால் விலக்கு போய்விடும், அதையும் அவள் தெரிவிக்க வேண்டும்.

இப்போது அவசரமாக மகன் பேருக்கு எழுதிவைத்தால் என்ன ஆகும்? உதவித்தொகைக்காகச் சொத்தைக் கைமாற்றினார் என்று முடிவு செய்தால், அது இன்னும் அவள் கையில் இருப்பதாகவே பாவித்துக் கணக்குப் போடுவார்கள். விலக்கு உள்ள வீட்டை நீங்களே சந்தேகத்துக்கு உரியதாக்கிய கதையாகும். உறவுக்காரர் கணக்கில் பணத்தைப் போட்டுவைப்பது, வங்கியை விட்டுத் தரகர் மூலம் உண்டியலில் அனுப்புவது எல்லாம் இதைவிட மோசம். உண்டியல் இந்தியச் சட்டத்துக்கே புறம்பானது. கடனை அடைப்பதும் தேவைக்கு நியாயமான பொருள் வாங்குவதும் இந்தக் கைமாற்று விதிக்குள் வராது. கழுத்தில் கிடக்கும் நகை சொந்த உடைமை, அதற்குக் கணக்கில்லை.

உண்மையான மோசடி விசாரணை வேறு மாதிரி இருக்கும். சந்தேகத்துக்கு நியாயமான காரணம் இருந்தால், 1992-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்பு நிர்வாகச் சட்டத்தின்படி அதிகாரம் பெற்ற அலுவலர்கள் வங்கியிடமே நேரடியாக விவரம் வாங்கலாம், மகளின் சம்மதம் தேவையில்லை. 2025-ல் வந்த புதுச் சட்டம் இன்னொரு வழியையும் சேர்த்திருக்கிறது. உதவித்தொகை போய்ச் சேரும் கணக்குகளில் வரம்பு மீறியதாகத் தெரிபவற்றை வங்கியே துறைக்குச் சுட்டிக்காட்ட வேண்டும். யாருக்கு எவ்வளவு செலவழித்தார் என்ற விவரம் அதில் போகாது. ‘எச்சரிக்கையின் கீழ் நேர்காணல்’ என்று கடிதம் வந்தால் மட்டும் தனியாகப் போகவிடாதீர்கள். அது குற்ற வழக்குக்கான வாக்குமூலம். வழக்கறிஞர் கூட இருக்க உரிமை உண்டு, முதலில் அவரிடம் பேசட்டும்.

கூடுதலாக வாங்கியது என்று முடிவானால் திருப்பிக் கட்ட வேண்டும். தவறு துறையுடையதாக இருந்தாலும் யுனிவர்சல் கிரெடிட்டில் வசூலிக்கலாம். முடிவு தப்பென்றால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்டு எழுத வேண்டும், அதன் பிறகுதான் தீர்ப்பாயம். அங்குள்ள சிட்டிசன்ஸ் அட்வைஸ் மையங்கள் இதற்கு இலவசமாக உதவும்.

அனுப்பத்தான் போகிறேன் என்றால், இந்தியப் பக்கம் பெரிய தடை இல்லை. ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். பேங்கில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவமும் பான் எண்ணும் கேட்பார்கள். மகளுக்குத் தரும் அன்பளிப்புக்கு இங்கே வருமான வரி இல்லை. ஆனால் ஆண்டுக்கு 10 லட்சத்தைத் தாண்டும் தொகைக்கு 20 சதவீதம் வரியாக முன்கூட்டியே பிடிப்பார்கள். உங்கள் 15 லட்சத்துக்கு அது ஒரு லட்சம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், கொஞ்ச நாள் ஆகும்.