யாழ்ப்பாணத்தில் ஞாயிறு ஆராதனைக்கு வெளியூர்க்காரர் போகலாமா?

"நாங்கள் தமிழ்நாட்டில் திருநெல்வேலி, தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பம். யாழ்ப்பாணம் சுற்றிப் பார்க்க வருகிறோம். ஞாயிற்றுக்கிழமை முன்பின் தெரியாத சபையில் போய் உட்காரலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக வாங்கோ. முன்பின் தெரியாத சபை என்றும் நினைக்க வேண்டாம். 1947இல் சென்னையில் உங்கள் திருச்சபை உருவானபோதே எங்கள் யாழ்ப்பாண ஆதீனமும் (ஒரு பேராயருக்குக் கீழ்ப்பட்ட சபைகள்; நீங்கள் திருமண்டலம் என்பீர்கள்) அதில் சேர்ந்துவிட்டது. கடல் தாண்டி வந்தாலும் அதே திருச்சபை, அதே கீர்த்தனைகள்.

எங்கள் ஆதீனத்தின் பேராலயம் வட்டுக்கோட்டையில் இருக்கிறது. போர்த்துக்கேயர் கோயில் வைத்திருந்த இடம். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கைக்குப் போய், பிறகு 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமாரிடம் சேர்ந்தது. அவர்கள் 1823இல் அங்கே தொடங்கிய செமினரி என்ற உயர்கல்விக் கூடத்தில்தான் சி. வை. தாமோதரம்பிள்ளை படித்தார். தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சில் ஏற்றிய அதே பிள்ளைதான். தமிழ் படித்தவர்கள் அந்த வளவுக்குள் ஒருதரம் நடக்கத்தான் வேண்டும்.

ஆனால் என்னைக் கேட்டால், பேராலயத்தை வேறொரு நாள் ஆற அமரப் பாருங்கள். ஞாயிறு காலையில் ஒரு கிராமத்துச் சின்னச் சபைக்குப் போங்கள். பெரிய கோயிலில் நீங்கள் கூட்டத்தோடு கூட்டம். சின்னச் சபையில் விருந்தாளி.

ஆசீர்வாதம் முடிந்ததும் எழுந்து ஓட்டோ பிடித்துவிடாதீர்கள். எனக்கு அதுதான் பெரிய மனக்குறை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கடைசிப் பாட்டோடு போய்விடுகிறார்கள். சனம் ஒருவரோடு ஒருவர் கதைக்கத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். எங்கள் சபையில் முதல் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். ஒரு கட்டு முருங்கைக்காய், இரண்டு தேங்காய், காலம் என்றால் கறுத்தக்கொழும்பான் மாம்பழம். ஆராதனை முடிய வாசலிலேயே ஏலம் நடக்கும். மாம்பழம் சந்தை விலையைத் தாண்டிப் போகும். யாரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, காசு சபைக்குத்தானே. நீங்களும் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். அதற்குள் ஒரு அம்மா பக்கத்தில் வந்து, "எங்கயிருந்து வந்தனீங்கள், பிள்ளை?" என்பார். தமிழ்நாட்டுத் திருநெல்வேலி என்று சொன்னால் போதும். போர்க்காலத்தில் தமிழ்நாட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள் இங்கே எத்தனையோ பேர். திருச்சியில் எந்தச் சபைக்குப் போனார்கள், பிள்ளைகளை எங்கே படிப்பித்தார்கள் என்று அவர்களே சொல்லத் தொடங்குவார்கள். அந்தக் கதைகள் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் கிடைக்காது. வாங்குகள் (பெஞ்சுகள்) காலியாகத் தெரிந்தால் சபை சோர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அந்த வீட்டுப் பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். ஆகஸ்ட் விடுமுறையில் வந்தால் வேறு மாதிரி இருக்கும்.

ஆராதனை நடக்கும்போது போனை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். முடிந்த பிறகு கேட்டுவிட்டு எடுக்கலாம். திருவிருந்து (அப்பமும் இரசமும் பகிரும்) நாள் என்றால் தொடங்குமுன் போதகரிடம் உங்கள் சபையைச் சொல்லுங்கள். கத்தோலிக்கப் பூசைக்குப் போனால் நற்கருணை நேரத்தில் இருந்த இடத்திலேயே இருங்கள். யாரும் குறை நினைக்க மாட்டார்கள்.

வட்டுக்கோட்டை போகிற நாளில் நவாலி புனித பேதுரு ஆலயத்துக்கும் போய் வாருங்கள். இடம்பெயர்ந்து வந்து அங்கே தங்கியிருந்த சனத்தின் மேல் 1995 ஜூலை 9 அன்று விமானக் குண்டு விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உள்ளே போய்ச் செபித்துவிட்டு வாருங்கள். அங்கே நின்று படம் எடுப்பதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

ஆராதனை நேரம் சபைக்குச் சபை வேறுபடும். தங்கும் இடத்தில் சனிக்கிழமையே கேட்டு வையுங்கள். ஞாயிறு காலையில் கிராமங்களுக்குப் பஸ் குறைவு. ஓட்டோக்காரரிடமும் முதல் நாளே சொல்லிவைப்பது நல்லது. ஆராதனை முடிந்து ஒரு மணித்தியாலம் கழித்து வரச் சொல்லுங்கள்.