மகளுக்கு ஜெனெவியேவ் என்று வைக்கலாமா?

தம்பி, பாரிசுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, கீழ்வீட்டு ஜெனெவியேவ் அம்மா பெற்ற தாய் மாதிரி பார்த்துக்கொள்கிறார், பிறக்கப்போகும் மகளுக்கு அவர் பெயரையே வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

சட்டம் தடுக்காது. 1993க்கு முன்பு நாட்காட்டியில் உள்ள புனிதர் பெயர், பழைய வரலாற்றுப் பெயர் என்று ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். இப்போது பெற்றோர் விருப்பம்தான். பிறந்த 5 நாளுக்குள் நகராட்சியில் பதிந்துவிடுங்கள்.

ஆனால் இங்கே அது பாட்டிமார் பெயர். டாக்டரிடம் காத்திருக்கும்போது ஜெனெவியேவ் என்று கூப்பிட்டால், கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஒருவர் எழுந்திருப்பார். 1920, 30களில் கொடிகட்டிப் பறந்த பெயர். ஜினெத் என்ற செல்லச் சுருக்கம் இன்னும் கிழடு! நம்மூரில் இன்று பிறந்த குழந்தைக்குக் காமாட்சி என்று வைப்பது போலத்தான்.

பெயரின் பெருமைக்குக் குறைவே இல்லை. பாரிசின் காவல் புனிதை பெயர் அது. ஐந்தாம் நூற்றாண்டில், பக்கத்து நாந்தேரில் பிறந்தவள் என்பார்கள். 451இல் ஹூணர் தலைவன் அட்டிலாவின் படை வருகிறது என்று ஊரே மூட்டை கட்டியபோது, "ஓடாதீர்கள், வேண்டிக்கொள்ளுங்கள்" என்று தடுத்தாளாம். படை பாரிசைத் தொடாமல் ஓர்லெயான் நகரத்துப் பக்கம் போய்விட்டது. பாரிசின் துர்னெல் பாலத்தில் உயரமாக நிற்கிறாளே, அவள்தான். 1928இல் வைத்த சிலை. செதுக்கிய லாந்தோவ்ஸ்கிதான் பிரேசிலின் ரியோவில் உள்ள இயேசு சிலையையும் வடித்தவர்.

பொருள்? ஜெனொவேஃபா என்ற லத்தீன் வடிவத்தை, ஜெர்மானிய மொழியில் 'குலம்', 'பெண்' என்று பிரிப்பவர்களும் உண்டு, கெல்டியச் சொல் என்பவர்களும் உண்டு. நம் கிறித்தவ வீடுகளின் ஜெனோவாவும் இதே பெயர்தான்.

என்னைக் கேட்டால், முதல் பெயர் தமிழில் இருக்கட்டும், ஜெனெவியேவ் இரண்டாவதாக வரட்டும். இரண்டாம் பெயர் பிறப்புப் பதிவில் நிற்கும், பள்ளியில் யாரும் கூப்பிட மாட்டார்கள். என் மகளுக்கும் அப்படித்தான் வைத்தோம். பிரெஞ்சு எழுத்தின் மேல் வரும் கோட்டை ஓர் அலுவலகத்தில் விட்டுவிட்டார்கள், திருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. Geneviève என்று எழுதும்போது நான்கு 'e' வரும். மூன்றாவதன் தலையில் மட்டும் இடமிருந்து வலமாக இறங்கும் கோடு. கையெழுத்துப் போடுமுன் பாருங்கள்.

அப்புறம், ஜனவரி 3 புனித ஜெனெவியேவின் நாள், அதனால் கீழ்வீட்டு அம்மாவுக்கும் பெயர்த் திருநாள். நாலு வடை சுட்டு எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, "பொன் ஃபெத், மதாம்" (திருநாள் வாழ்த்துகள், அம்மா) என்று சொல்லிவிட்டு வாருங்கள்.