தூக்கத்தில் இறங்குவது சுகரா, சென்சாரா? ஒரு ராத்திரி முழுக்கக் கேள்வி பதில்

டைப் 1 நீரிழிவு வந்து 24 வருடம், சர்க்கரையை ராத்திரி பகலாக அளக்கும் சென்சாரைக் கையில் ஒட்ட ஆரம்பித்து 8 வருடம், நடுவில் நீரிழிவுக் கல்வியாளராகக் கொஞ்ச காலம் வேலை. இதுதான் என் தகுதி. டாக்டர் இல்லை, அதனால் ‘எத்தனை யூனிட் குறைக்கட்டும்’ என்று கேட்டால் பதில் வராது. சர்க்கரை எண்கள் எல்லாம் மி.கி. (டெசிலிட்டருக்கு) கணக்கில் சொல்கிறேன், மில்லிமோலில் பார்ப்பவர்கள் 18-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பிக்கலாம்.

கே: அக்கா, நேற்று 3.10-க்கு அலாரம் அடித்தது, 47. எழுந்து உட்கார்ந்து ஜூஸைத் தேடுவதற்குள் 70, இன்னும் கொஞ்ச நேரத்தில் 98. வாயில் ஒன்றுமே போடவில்லை. வியர்வை, நடுக்கம் எதுவும் இல்லை. மூன்று ராத்திரியாக இதே கதை. சென்சார் கோளாறா?

ப: எந்தக் கையில் ஒட்டியிருக்கிறீர்கள், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பீர்கள்? இரண்டும் ஒரே பக்கம் என்றால் பாதி பதில் கிடைத்துவிட்டது.

சென்சாரின் இழை தோலுக்கடியில் அரை சென்டிமீட்டர்தான் போகிறது, இரத்தக் குழாய்க்குள் அது போவதே இல்லை. செல்களுக்கு நடுவே ஊறி நிற்கும் நீரில் இருக்கிற குளுக்கோஸைத்தான் அது அளக்கிறது. இரத்தத்திலிருந்து அந்த நீருக்குச் சர்க்கரை வந்து சேர 5 முதல் 10 நிமிடம் ஆகும், வேகமாக ஏறி இறங்கும்போது இன்னும் கொஞ்சம் கூட. நீங்கள் அந்தக் கையின் மேல் உடம்பு பாரம் முழுவதையும் போட்டுப் படுத்தால் அந்த இடத்தில் ஓட்டம் குறைகிறது. புதிதாகச் சர்க்கரை வருவதில்லை, அங்கே இருக்கிற செல்கள் இருப்பதைத் தின்றுகொண்டே இருக்கின்றன. உடம்பு முழுக்க 100 இருக்கும், அந்த ஒரு துளி இடத்தில் மட்டும் 47. எழுந்து உட்கார்ந்ததும் ஓட்டம் திரும்புகிறது, எண்ணும் திரும்புகிறது. கம்ப்ரெஷன் லோ என்பார்கள், அமுங்கியதால் தெரிகிற பொய் லோ. லோ என்றால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்குவது.

கோட்டின் வடிவத்தைப் பாருங்கள். நிஜமான லோ பெரும்பாலும் சரிவில் சைக்கிள் இறங்குகிற மாதிரி வரும், 130, 118, 104, 91 என்று ஒன்றிரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அமுங்கி வருவது கிணற்றுச் சுவர். நேராக விழும், அடியில் கொஞ்சம் தட்டையாகக் கிடக்கும், புரண்டு படுத்ததும் நேராக ஏறும்.

என் முதல் வருடத்தில் ஒரு ராத்திரி 52 என்று அலாரம். பாதித் தூக்கத்தில் இரண்டு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தேன். காலையில் 290. கையைப் பார்த்தால் சென்சாரின் வட்ட அச்சு தோலில் அப்படியே பதிந்திருக்கிறது! அன்றைக்குத்தான் குளுக்கோமீட்டர் என் தலையணைப் பக்கம் குடியேறியது. விரல் குத்திப் பாருங்கள். இதை இன்று இன்னும் பத்து தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வியர்வை, நடுக்கம், குழப்பம் இருந்தாலோ மீட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை என்றாலோ, முதலில் சர்க்கரை, ஆராய்ச்சி அப்புறம். சென்சாரைப் பொய் என்று நினைத்துத் தூங்கப்போவது, வீணாக ஒரு டம்ளர் குடிப்பதைவிட ஆபத்து.

கே: எனக்குச் சுகர் வியாதி இல்லை. ஆர்வத்தில் சென்சார் வாங்கி ஒட்டினேன். ராத்திரி 66 வரை போகிறது. பயப்பட வேண்டுமா?

ப: வேண்டாம். நீரிழிவே இல்லாத ஆரோக்கியமானவர்கள் சென்சார் போட்டால் அவர்களுக்கும் 70-க்குக் கீழே தினமும் சராசரியாகக் கால் மணி நேரம் வருகிறது. அதிலும் புதுச் சென்சாரின் முதல் 24 மணி நேரம் நம்பிக்கைக்கு உரியதல்ல.

கே: அப்பாவுக்கு 74 வயது, டைப் 2, பல வருடமாக கிளிமிபிரைடு மாத்திரை. டாக்டர் இரண்டு வாரத்துக்குச் சென்சார் போடச் சொன்னார். தினமும் 1 மணியிலிருந்து 4 மணி வரை 55-க்கும் 65-க்கும் நடுவில் ஓடுகிறது. அவர் எழுந்திருப்பதே இல்லை. காலையில் தலைவலி என்கிறார், தலையணை உறை ஈரமாக இருக்கிறது. அலாரம் தொந்தரவாக இருக்கிறது என்று அணைத்து வைத்திருக்கிறோம். எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) 6.3, நல்ல கட்டுப்பாடு என்றுதானே அர்த்தம்?

ப: இன்றைக்கு வந்ததிலேயே முக்கியமான கேள்வி இது. முதலில் அலாரத்தைப் போடுங்கள், உங்கள் போனிலும் சேர்த்து.

மூன்று மணி நேரம் நீள்கிறது, தினமும் அதே நேரம், தலைவலி, நனைந்த தலையணை. இது கை அமுங்கி வந்த பள்ளம் மாதிரித் தெரியவில்லை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகள் கணையத்தைப் பிடித்து இன்சுலினைப் பிழிந்துகொண்டே இருக்கும், இரத்தத்தில் சர்க்கரை குறைந்தாலும் நிறுத்தாது. வயதாகிச் சிறுநீரகம் மந்தமானால் மருந்து உடம்பை விட்டுப் போவதும் மந்தமாகும். பத்து வருடத்துக்கு முன் சரியாக இருந்த அளவு இன்று கூடுதலாகியிருக்கலாம். சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பரிசோதனை கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

அவர் எழாததை நல்ல அறிகுறி என்று எடுக்காதீர்கள். சர்க்கரை இறங்கினால் படபடப்பு தந்து எச்சரிப்பது அட்ரினலின், தூக்கத்தில் அந்த மணியே மெதுவாகத்தான் அடிக்கும். அடிக்கடி லோ போகிறவருக்கு அது அடிக்காமலே போகும். இரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறார் என்றால் படபடப்பும் தெரியாது, வியர்வை மட்டும்தான் மிஞ்சும். அந்தத் தலையணை உறை.

6.3 பற்றி. எச்பிஏ1சி ஒரு சராசரி. பகலில் 200, ராத்திரி 55 என்று ஓடினாலும் சராசரி அழகாகத்தான் வரும். பொதுவாக 70-க்குக் கீழே இருக்கும் நேரம் 4 சதவீதத்துக்குள், அதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. வயதானவர்களுக்கு அது 1 சதவீதம், கால் மணி நேரம். உங்கள் அப்பா மூன்று மணி நேரம் இருக்கிறார்.

இன்று ராத்திரி 2 மணிக்கு ஒரு தடவை விரல் குத்திப் பாருங்கள். காலையில் அந்தக் கோட்டோடு டாக்டருக்குப் போன் போடுங்கள், அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த மாத்திரை போடும் நேரத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கே: எந்தக் கம்பெனி சென்சார் நல்லது?

ப: அலாரம் அடிக்கிற எதுவும். ராத்திரிக்காக வாங்குகிறவர்கள், தானாக எழுப்புமா, அல்லது போனைக் காட்டி ஸ்கேன் செய்தால்தான் சொல்லுமா என்று மட்டும் பாருங்கள்.

கே: சுகர் இல்லாதவன். ராத்திரி 63 காட்டியது. லோ சுகரா?

ப: மேலே 66-க்குச் சொன்னதேதான்.

கே: டைப் 1, பேசல் இன்சுலின் (நாள் முழுக்க மெதுவாக வேலை செய்வது) ராத்திரி போடுகிறேன். காலையில் 185, 190. ராத்திரி லோ ஆகி, அதற்குப் பதிலடியாக ஈரல் சர்க்கரையைக் கொட்டுகிறது, சோமோகி விளைவு, இன்சுலினைக் குறை என்று நண்பர் சொல்கிறார். சரியா?

ப: மைக்கேல் சோமோகி 1938-இல் சொன்ன யோசனை. அன்றைக்கு அது புத்திசாலித்தனமான ஊகம், ஏனென்றால் ராத்திரி என்ன நடக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. இன்று பார்க்க முடிகிறது. பார்த்தவர்கள் கண்டது பெரும்பாலும் நேர்மாறு. ராத்திரி லோ போனவர்களுக்குக் காலை எண் சராசரியாகக் குறைவாகத்தான் இருக்கிறது. காலை ஏற்றத்துக்கு வழக்கமான காரணம் விடியற்கால ஏற்றம். வளர்ச்சி ஹார்மோனும் கார்ட்டிசாலும் விடியலுக்கு முன் ஏறுகின்றன, ஈரல் சர்க்கரை விடுகிறது, அதைச் சமாளிக்க இன்சுலின் போதவில்லை. உங்கள் 1 மணி, 3 மணி, 6 மணி எண்களைச் சொல்லுங்கள்.

(அதே நபர்): 105, 118, 188.

ப: லோவே இல்லையே! இதற்கு இன்சுலினைக் குறைத்தால் காலையில் 240 பார்ப்பீர்கள்.

வேறொருவர்: மன்னிக்கவும், ஒத்துக்கொள்ள முடியாது. நர்சிங் படித்தபோது சோமோகி பரீட்சைக்கு வந்த கேள்வி. எனக்கே நடக்கிறது. போன வாரம் 2 மணிக்கு 51, காலையில் 215.

ப: நானும் அதே பதிலை எழுதித்தான் மார்க் வாங்கினேன். 2 மணிக்கு 51 பார்த்ததும் என்ன செய்தீர்கள்?

(அவர்): ஜூஸ் குடித்தேன்.

ப: எவ்வளவு?

(அவர்): பாட்டிலில் பாதி. அப்புறம் பிஸ்கட்.

ப: அந்த 215-க்குச் சோமோகியைக் கூப்பிட வேண்டியதில்லை.

இன்னொருவர்: சிரித்துவிட்டேன். ஆனால் நான் ஒன்றும் சாப்பிடாமல் தூங்கிய ராத்திரியிலும் 58 போய் காலையில் 190 வந்திருக்கிறது. அதற்கு என்ன சொல்வீர்கள்?

ப: இது நியாயமான கேள்வி. ஈரல் பதிலடி கொடுப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது நிஜமான உடலியல், இன்சுலின் தீர்ந்துபோகிற நேரத்தில் வந்தால் தனி ஒருவருக்கு ஏற்றமும் வரலாம். அதை எல்லாருடைய காலை 190-க்கும் விளக்கமாக ஒட்டுவதுதான் என் சண்டை. உங்கள் 58 கிணறா, சரிவா? 14 ராத்திரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள், லோ போன ராத்திரிகள் தனி, போகாதவை தனி. இரண்டிலும் காலையில் 190 என்றால் லோவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

நர்சிங் படித்தவர்: எண்ணிப் பார்த்துவிட்டு வருகிறேன். பிஸ்கட்டையும் சேர்த்து.

கே: சாயங்காலம் ஓடினால் அன்றைக்குச் சுகர் நன்றாக இருக்கிறது, ராத்திரி 3 மணிக்கு விழுகிறது. ஓடி முடித்து 8 மணி நேரம் கழித்து எப்படி?

ப: தசையில் சேமித்து வைத்திருந்த சர்க்கரை இருப்பை, அதாவது கிளைக்கோஜனை, ஓடித் தீர்த்துவிட்டீர்கள், ராத்திரி முழுக்கத் தசை அதைத் திருப்பி நிரப்புகிறது, இரத்தத்திலிருந்து எடுத்துத்தான். இன்சுலின் உணர்திறனும் அன்று கூடியிருக்கும். 24 மணி நேரம் வரைகூட நீளும். ஓடுகிற நாளையும் ஓடாத நாளையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள், இரண்டு நாளுக்கும் ஒரே திட்டம் சரிவராது. மது குடித்த ராத்திரிக்கும் இதுவே என்று வைத்துக்கொள்ளுங்கள், காரணம்தான் வேறு. ஈரல் மதுவை உடைப்பதில் மும்முரமாகிப் புதுச் சர்க்கரை தயாரிப்பதை விட்டுவிடும், விளைவு மறுநாள் காலை வரைக்கும் வரலாம். குடித்துவிட்டு லோ ஆனவரைப் பார்த்தால் போதையில் இருக்கிறார் என்றுதான் மற்றவர்கள் நினைப்பார்கள்.

கே: 62-க்கு 15 கிராம் குளுக்கோஸ் எடுத்தேன். 15 நிமிடம் கழித்தும் சென்சாரில் 58, அம்பு கீழே. மறுபடி எடுத்தேன், மறுபடி. ஒரு மணி நேரத்தில் 260.

ப: மேலே சொன்ன அந்தத் தாமதம்தான். உங்கள் இரத்தம் ஏறிவிட்டது, சென்சார் இன்னும் பழைய செய்தியை வாசித்துக்கொண்டிருக்கிறது. 15 நிமிடக் கணக்குக்கு விரல் குத்தித்தான் பார்க்க வேண்டும்.

கே: அலாரத்தை எந்த எண்ணில் வைப்பது?

ப: ராத்திரிக்கு 70-இல் வைத்தால் எழுந்து சேர்வதற்குள் 60 ஆகிவிடலாம், பலர் 75 அல்லது 80 வைக்கிறார்கள். பொய் அலாரம் நிறைய வந்தால் அணைத்துவிடுவீர்கள், அது மனித சுபாவம், அதனால் முதலில் படுக்காத பக்கத்துக்குச் சென்சாரை மாற்றுங்கள். புதுச் சென்சாரை ராத்திரி படுக்கப்போகும் முன் ஒட்டாதீர்கள், காலையில் ஒட்டுங்கள். போன் ‘தொந்தரவு செய்யாதே’ நிலையில் இருக்கிறதா, சார்ஜ் இருக்கிறதா, பக்கத்து அறையில் கிடக்கிறதா, பாருங்கள்.

கே: ஏழு மாத கர்ப்பம், ராத்திரி 64.

ப: கர்ப்பத்தில் இலக்கே 63 முதல் 140. ஆனால் இன்சுலின் போடுகிறீர்கள் என்றால் என்னிடம் கேட்காதீர்கள், உங்கள் டாக்டருக்கு இன்றே சொல்லுங்கள்.

கே: ராத்திரி பேசலில் 2 யூனிட் குறைக்கலாமா?

ப: முதல் பத்தி.

கே: எனக்குச் சுகர் இல்லை, 65...

ப: ஐயா, சென்சாரைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

கே: வைட்டமின் சி மாத்திரை சென்சாரைக் குழப்புமா?

ப: சில சென்சார்களில் ஆமாம், தினம் 500 மி.கி.க்கு மேல் எடுத்தால் எண்ணை உயர்த்திக் காட்டலாம். லோவை மறைக்கும் என்று அர்த்தம். பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படியுங்கள், யாருமே படிப்பதில்லை.

கே: அக்கா, அப்பாவைப் பற்றிக் கேட்டவன். மணி 2.05. விரல் குத்தினேன், 53. சென்சார் 57. எழுப்பினால் பேசுகிறார், சட்டை நனைந்திருக்கிறது.

ப: நல்லவேளை பார்த்தீர்கள். நிமிர்த்தி உட்கார வையுங்கள். விழுங்குகிறார்தானே? 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து. பேச்சு குழறினாலோ விழுங்க முடியாவிட்டாலோ வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸ். 2.20-க்கு மறுபடி விரல்.

(அதே நபர்): 2.21. விரலில் 84. சென்சார் இன்னும் 60 காட்டுகிறது.

ப: அது அப்படித்தான் காட்டும், விடுங்கள். இப்போது ரொட்டி மாதிரி மெதுவாகச் செரிக்கிற ஏதாவது கொடுங்கள், ஏனென்றால் இந்த மாத்திரையின் லோ ஒரு தடவையோடு நிற்காது, மறுபடி இழுக்கும். 3.15-க்கு ஒரு தடவை குத்துங்கள், விடியும் வரை மணிக்கு ஒரு தடவை. மறுபடி 70-க்குக் கீழே போனால் காலை வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். டாக்டரிடம் பேசாமல் காலை மாத்திரையைக் கொடுக்க வேண்டாம். 3.15 எண்ணை இங்கே எழுதுங்கள், நான் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.