பீபலின் ‘ஆவே மரியா’: ஆண்குரல் குழுக்களின் கேள்விகளுக்குப் பதில்

கே: ஜெர்மன் இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் பீபலின் ‘ஆவே மரியா’ என்ற லத்தீன் மாதா பாடலைப் பாட எத்தனை பேர் வேண்டும் ஐயா? எங்களிடம் ஒன்பது ஆண்கள்தான்.

ப: மொத்தம் ஏழு பார்ட், அதாவது ஏழு தனித்தனிக் குரல் வரிசைகள். ஒரு பக்கம் மூவர். மறுபக்கம் இரண்டு டெனர் (உயர்ந்த ஆண்குரல்), இரண்டு பாஸ் (தாழ்ந்த ஆண்குரல்) பார்ட்டுகள் கொண்ட கொயர் (பாடகர் குழு). கணக்குக்கு ஏழு பேர் போதும், மூச்சுக்குப் போதாது. நீண்ட சுரங்களில் ஒருவர் மூச்செடுக்க மற்றவர் தாங்க வேண்டும். அதனால் கொயரில் பார்ட்டுக்கு இருவராக 11 பேர் இருந்தால் நல்லது. ஒன்பதே பேர் என்றால் மிச்சமுள்ள இருவரில் ஒருவரை அடி பாஸுக்கும் மற்றவரை மேல் டெனருக்கும் கொடுங்கள். இடையிடையே ஒருவர் மட்டும் பாடும் தனிக்குரலுக்குத் தனி ஆள் தேட வேண்டாம், மூவரில் ஒருவரே பாடலாம்.

கே: தீயணைப்பு வீரர்களுக்காக எழுதியதாமே?

ப: ஆம். மியூனிக் அருகே ஃபூர்ஸ்டன்ஃபெல்ட்புருக்கில் பீபல் நடத்திய கோயில் கொயரில் பாடிய தீயணைப்பு வீரர் ஒருவர், தங்கள் குழு போட்டியில் பாடக் கேட்டு வாங்கியது. 1970இல் கார்னெல் பல்கலைக்கழக ஆண்கள் குழு அமெரிக்காவுக்குக் கொண்டுபோன பிறகுதான் புகழ் வந்தது.

கே: முடிக்கும்போது அரைச் சுரம் இறங்கிவிடுகிறோம். பாஸ்தான் காரணமா?

ப: பாவம், பாஸை விடுங்கள். அமைப்பைப் பாருங்கள்: மூவேளைச் செபத்தின் (கத்தோலிக்கர் நாளுக்கு மூன்று முறை சொல்லும் மாதா செபம்) மூன்று வசனங்கள் தனிக்குரலில் வரும், ஒவ்வொன்றுக்கும் பின் ‘ஆவே மரியா’ பகுதி திரும்பும், கடைசியில் ‘சாங்க்தா மரியா’, ஆமென். வாத்தியம் கிடையாது. தனிக்குரல் விட்ட இடத்திலிருந்துதான் கொயர் சுருதி எடுக்கும். அவர் நூலளவு தாழ்ந்தால் அந்த நஷ்டம் மூன்று முறை சேரும். அவரை மட்டும் சுருதிப்பெட்டியோடு பாடவைத்து, கடைசிச் சுரத்தைக் கீபோர்டில் சரிபாருங்கள். அடுத்து, ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பப் பாடும் உள் பார்ட்டுகள். அலுப்பில் அங்கேதான் சுருதி வழியும். ஒவ்வொரு அசையையும் புதிதாகத் தொடச் சொல்லுங்கள். அப்படியும் இறங்கினால் அரைச் சுரம் ஏற்றித் தொடங்கிப் பாருங்கள். பல குழுக்களுக்கு அதுவே சரிசெய்துவிடும்.

கே: மூவரை மாடியில் நிறுத்தலாமா அண்ணா?

ப: அழகாக இருக்கும், ஆனால் 34 மீட்டர் தள்ளி நின்றால் ஒலி வர நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். காதை நம்பிப் பாடினால் அவர்கள் பிந்துவார்கள். நடத்துநரின் கையை மட்டும் பார்க்கட்டும். 10 மீட்டருக்குள் என்றால் தொல்லை குறைவு.

கே: பாட்டில் வரும் லத்தீன் சொற்கள் ‘Ecce’, ‘gratia’ எப்படி உச்சரிப்பது?

ப: ரோமன் வழக்கில் ‘எச்சே’, ‘க்ராட்சியா’. ஜெர்மன் வழக்கும் உண்டு. ஏதாவது ஒன்றை முதல் ஒத்திகையிலேயே முடிவுசெய்யுங்கள், கலந்தால் கேட்கச் சகிக்காது.

கே: பிரதியை ஜெராக்ஸ் எடுக்கலாமா?

ப: கூடாது. பீபல் இறந்தது 2001. இந்தியச் சட்டப்படி 2061 முடியும்வரை உரிமை இருக்கிறது. ஆளுக்கொரு பிரதி வாங்குங்கள். பெண்களும் சேர்ந்தால் கலப்புக் குரல் பதிப்பைக் கேட்டு வாங்குங்கள்; ஆண்குரல் பிரதியை நீங்களாக மாற்றி எழுத வேண்டாம்.