வாடை அடித்தால் மீன் எங்கே? கேள்வி – பதில்

கேள்வி: அக்டோபரில் டெக்சாஸின் கால்வெஸ்டன் வளைகுடாவில், புல் முளைத்த ஆழமற்ற ஒரு திட்டில் ரெட்ஃபிஷ், ட்ரவுட் என்ற இரு கடல்மீன்களும் நன்றாகக் கிடைத்தன. ஜனவரியில் விடியற்காலையிலேயே போய் நின்றாலும் அதே இடத்தில் ஒன்றும் கடிப்பதில்லை. ஏன்? (ஹூஸ்டன் வாசகர்)

பதில்: இடமும் தப்பு, நேரமும் தப்பு. டெக்சாஸ் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஓரிரு அடிதான். அதனால் குளிர்காலத்தில் ஓத அட்டவணையைவிடக் காற்றுதான் தண்ணீரின் மட்டத்தைத் தீர்மானிக்கிறது. குளிர்முகம் (குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு) கடந்ததும் பலமாக அடிக்கும் வாடை, வளைகுடாத் தண்ணீரைக் கடலுக்குத் தள்ளிவிடும். முழங்கால் ஆழத் திட்டு கணுக்காலளவுக்கு வற்றும். மீன் பக்கத்து ஓடைக்கும் படகுக் கால்வாய்க்கும் ஒதுங்கிவிடும்.

காற்று ஓய்ந்து ஓரிரு நாள் வெயில் காயட்டும். பிறகு பிற்பகலில், ஆழத்தை ஒட்டிய சேற்றுத் திட்டாகப் பார்த்துப் போங்கள். கருஞ்சேறு வெளிர்மணலைவிட அதிக வெயிலை உள்வாங்கும். மேலிருக்கும் தண்ணீரும் ஓரிரு டிகிரி சூடேறும். மீனுக்கு அது போதும். சேற்றில் சிப்பி சிதறிக் கிடந்தால் இன்னும் நல்லது. தெர்மாமீட்டர் இல்லையென்றால் மடவையைப் பாருங்கள். ஒரு மடவைகூடத் துள்ளாத இடத்தில் நின்று நேரத்தைப் போக்க வேண்டாம்.

கேள்வி: தூண்டிலில் என்ன கட்டுவது? கடிப்பதே கைக்குத் தெரியவில்லையே!

பதில்: 10 பவுண்டு பிரெய்டு (பின்னல் நூல்), முனையில் இரண்டடிக்கு 20 பவுண்டு ஃபுளோரோகார்பன் நூல், 1/16 அவுன்ஸ் ஜிக் ஹெட் (தலையில் எடை வார்த்த முள்), 3 அல்லது 4 அங்குல ரப்பர் மீன். காற்றடித்தால் 1/8 அவுன்ஸ். அதற்கு மேல் கனம் போட்டால் முள் சேற்றில் புதையும்.

வீசியதும் தரை தொடவிடுங்கள். கோல் நுனியை அரையடி தூக்கி, நிறுத்தி, ஐந்து எண்ணுங்கள். பலருக்கு இந்தப் பொறுமைதான் இருப்பதில்லை. குளிர்ந்த மீன் துரத்தாது, வெடுக்கென்று இழுக்கவும் செய்யாது; நூல் சற்றே கனக்கும், அல்லது தொய்யும். உடனே தொய்வைச் சுருட்டிவிட்டுக் கோலை நிதானமாகத் தூக்குங்கள். ட்ரவுட்டின் வாய்ச்சவ்வு மெல்லியது. வெட்டி இழுத்தாலோ ரீலின் டிராக் (நூலை விட்டுக்கொடுக்கும் பிரேக்) இறுக்கமாக இருந்தாலோ கிழிந்து தப்பிவிடும்.

ரெட்ஃபிஷ்ஷின் வாய் கீழ்நோக்கியது, அதனால் இரை தரையிலேயே இருக்கட்டும். மீனின் தலைமேல் போடாமல், அது போகும் வழியில் நான்கைந்து அடி முன்னால் போடுங்கள்.

கேள்வி: தண்ணீரில் இறங்கி நடக்கலாமா?

பதில்: வேடருக்கு (தண்ணீரில் நிற்க அணியும் நீர்புகாக் கால்சட்டை) மேல் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டினால் மட்டும். விழுந்தால் குளிர்நீர் உள்ளே நிறைவதை அது மட்டுப்படுத்தும். குளிரிலும் திருக்கை இருக்கக்கூடும், காலைத் தேய்த்தே நடங்கள்.

கேள்வி: கடுங்குளிரில் மீன் குழிகளில் குவியுமாமே, அள்ளலாமா?

பதில்: குவியும்தான். ஆனால் தண்ணீர் 45 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால் ட்ரவுட் சாகத் தொடங்கும். ரெட்ஃபிஷ் இன்னும் சற்றுத் தாங்கும். 2021 பிப்ரவரி உறைபனியில் டெக்சாஸ் கரையில் சுமார் 38 லட்சம் மீன்கள் செத்தன. அப்படிப்பட்ட நாட்களில் மாநில வனவிலங்குத் துறை சில ஆழமான இடங்களில் மீன்பிடியைத் தற்காலிகமாக மூடுவதுண்டு. போகுமுன் அறிவிப்பைப் பாருங்கள். மற்ற நாட்களில் 20 முதல் 28 அங்குல ரெட்ஃபிஷ் ஆளுக்கு மூன்று வைத்துக்கொள்ளலாம். 2024-ல் மாற்றிய விதிப்படி ட்ரவுட் 15 முதல் 20 அங்குலம், அதுவும் மூன்றுதான்.