சீரியல் அடாப்டர் வைத்து ஹார்ட் டிரைவை எழுப்புவது: கேள்வி பதில்

பழைய சீகேட் பாராகுடா 7200.11 டிரைவ் ஒன்றைச் சீரியல் அடாப்டர் (கம்ப்யூட்டரிலிருந்து டிரைவின் போர்டுக்கு நேரடியாகக் கட்டளை அனுப்ப உதவும் இணைப்பான்) மூலம் எழுப்பினேன் என்று போன வாரம் சொன்னதிலிருந்து நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் ஒன்று. இது ஒரே ஒரு நோய்க்கான மருந்து: டிரைவின் ஃபர்ம்வேர், அதாவது அதை இயக்கும் உள் மென்பொருள், உறைந்துபோகும் நோய். உங்கள் டிரைவுக்கு அந்த நோய்தானா என்று தெரியாமல் ஒரு கட்டளையும் அடிக்காதீர்கள்.

கேள்வி (திருச்சி, போட்டோ ஸ்டுடியோ): 1 டிபி 7200.11 டிரைவ். ராத்திரி வேலை முடித்து அணைத்தேன், காலையில் பயாஸில் (கம்ப்யூட்டர் எழும்போது வரும் அமைப்புத் திரையில்) இல்லை. சுழலும் சத்தம் மட்டும் கேட்கிறது. காட்டிய இடத்தில் தட்டு போய்விட்டது, திறக்க வேண்டும் என்கிறார்கள். பதினொரு வருடக் கல்யாணப் படங்கள் சார்.

திறக்க விடாதீர்கள். நீங்கள் சொல்வது அச்சு அசலாக அந்த நோயின் அறிகுறி. ராத்திரி நன்றாக இருந்தது, காலையில் இல்லை, சத்தத்தில் மாற்றம் எதுவும் இல்லை.

2008 கடைசியில் இந்த டிரைவ்கள் கூட்டம் கூட்டமாக இப்படி உறைய ஆரம்பித்தன. 2009 ஜனவரியில் சீகேட் ஃபர்ம்வேர் கோளாறுதான் என்று ஒப்புக்கொண்டது. எஸ்டி15 ஃபர்ம்வேர் போட்ட டிரைவ்களில்தான் அதிகம் பார்த்திருக்கிறோம். 500 ஜிபி, 750 ஜிபி, 1 டிபி எல்லாவற்றிலும் வந்தது. மேக்ஸ்டர் டைமண்ட்மேக்ஸ் 22, பாராகுடா இஎஸ்.2 இரண்டும் இதே குடும்பம்தான்.

காரணம் இதுதான். டிரைவ் தனக்குள் ஒரு நிகழ்வுப் பதிவேடு வைத்திருக்கிறது. அது நமக்குத் தெரியாத ஒதுக்குப்புறத் தடங்களில், தட்டிலேயே இருக்கும். தொழிற்சாலையில் சோதித்த ஒரு வகைக் கருவி அந்தத் தடங்களில் ஒரு குறிப்பிட்ட எச்சத்தை விட்டுவைத்திருந்தது. பதிவேட்டின் எண்ணிக்கை 320இல் நிற்கும்போது, அல்லது அதிலிருந்து 256இன் மடங்குகளில் நிற்கும்போது, மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் ஃபர்ம்வேர் குழம்பி அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் வேலை செய்துகொண்டிருக்கும்போது சாகாமல், போடும்போது சாகிறது. கம்ப்யூட்டர் எப்போது கேட்டாலும் ‘வேலையாக இருக்கிறேன்’ என்றே டிரைவ் பதில் சொல்லும். பிஎஸ்ஒய் (பிஸி) நிலை என்பது இதைத்தான். இன்னொரு வடிவமும் உண்டு. பயாஸில் பெயர் வரும், கொள்ளளவு மட்டும் சைபர் என்று காட்டும்.

உங்கள் படங்கள் தட்டில் பத்திரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். லேபிளைப் பார்த்து மாடல் எண்ணையும் ஃபர்ம்வேர் எண்ணையும் எனக்கு எழுதுங்கள். அதுவரை திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்க வேண்டாம்.

கேள்வி (மதுரை): என்ன அடாப்டர் வாங்குவது? கடையில் பல வகை இருக்கிறது.

யுஎஸ்பியிலிருந்து டிடிஎல் சீரியலுக்கு (குறைந்த வோல்ட் சிக்னலுக்கு) மாற்றுவது, 3.3 வோல்ட். உள்ளே எஃப்டி232, சிபி2102, பிஎல்2303 எந்தச் சிப் இருந்தாலும் சரி. சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அந்தக் காலத்தில் நோக்கியாவின் சிஏ-42 போன் கேபிளை அறுத்து இதற்குப் பயன்படுத்தியவர்கள் ஏராளம், நானும் அதில்தான் ஆரம்பித்தேன். 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று மாற்றும் ஜம்பர் இருந்தால் 3.3இல் வையுங்கள். வாங்கியதும் டிரைவில் மாட்டாதீர்கள். முதலில் அடாப்டரின் டிஎக்ஸ் (அனுப்பும் முனை), ஆர்எக்ஸ் (வாங்கும் முனை) இரண்டையும் ஒரு வொயரால் இணைத்துவிட்டு புட்டி போன்ற டெர்மினல் மென்பொருளில் ஏதாவது அடியுங்கள். அடித்தது திரையில் திரும்பி வந்தால் அடாப்டர் நல்லது. இதைச் செய்யாமல் இரண்டு நாள் டிரைவைக் குறை சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (சேலம்): பழைய பிசியில் ஒன்பது பின் காம் போர்ட் இருக்கிறது. நேரடியாக மாட்டலாமா?

கூடாது. அதில் வருவது 12 வோல்ட் வரை போகும் சிக்னல், டிரைவின் போர்டு (சர்க்யூட் பலகை) எரிந்துவிடும். நடுவில் மேக்ஸ்3232 போல ஒரு மாற்றி கட்டாயம் வேண்டும்.

கேள்வி (திருச்சி ஸ்டுடியோ, மறுபடி): எஸ்டி31000340ஏஎஸ், எஸ்டி15. என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்லுங்கள் சார்.

சரி, அதேதான். நிதானமாகப் படியுங்கள், முழுவதும் படித்த பிறகு கை வையுங்கள்.

சாட்டா கனெக்டருக்குப் பக்கத்தில் நான்கு சின்னப் பின்கள் இருக்கும், சாதாரணமாக ஜம்பர் போடும் இடம். அங்கேதான் சீரியல் இருக்கிறது. டிஎக்ஸ், ஆர்எக்ஸ், கிரவுண்ட் மூன்றும் வேண்டும். அடாப்டரின் டிஎக்ஸ் டிரைவின் ஆர்எக்ஸுக்குப் போக வேண்டும், அது போல மறுபக்கமும். வேகம் 38400, எட்டு பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட், ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை. சாட்டா டேட்டா கேபிள் வேண்டாம், பவர் மட்டும் போதும்.

இப்போது டிரைவ் உறைந்து கிடப்பதால் நீங்கள் கூப்பிட்டாலும் பேசாது. திரையில் ‘எல்இடி 000000சிசி’ என்று ஒரு வரி வந்து நிற்கலாம். பயப்பட வேண்டாம், அது இந்த நோயின் கையெழுத்து மாதிரி. அதைப் பேச வைக்க, அந்தப் பதிவேட்டைப் படிக்கவிடாமல் தடுக்க வேண்டும். பவரைக் கழற்றிவிட்டு, டி6 டார்க்ஸ் ஸ்க்ரூ டிரைவரால் போர்டின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, ஹெட் (தட்டைப் படிக்கும் முனை) தொடுமுனைகள் இருக்கும் இடத்தில் போர்டுக்கும் டிரைவுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகுங்கள். ஹெட் எட்டாததால் ஃபர்ம்வேருக்குத் தட்டில் எதையும் படிக்க முடியாது, குழம்பவும் முடியாது. மோட்டார் முனையில் செருகுகிறவர்களும் உண்டு, அதுவும் வேலை செய்யும். நான் ஹெட் பக்கம்தான் வைப்பேன்.

பவர் கொடுங்கள். சில விநாடி கழித்து கன்ட்ரோலும் இசட்டும். ‘எஃப்3 டி>’ என்று வந்தால் டிரைவ் பேசிவிட்டது. சாய்கோடு, 2, என்டர். அடுத்து பெரிய எழுத்து இசட், என்டர். மோட்டார் நின்றதாகச் செய்தி வரும். இப்போது பவரை அணைக்காமலே கார்டை மெதுவாக உருவி ஸ்க்ரூக்களை முடுக்க வேண்டும். இந்த ஒரு நிமிடம்தான் ஆபத்து. ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிப் போர்டில் எதையாவது தொட்டால் கதை முடிந்தது. பதற்றமாக இருந்தால் பக்கத்தில் யாரையாவது டிரைவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பிறகு பெரிய எழுத்து யு, என்டர். மோட்டார் எழும், ஏழு எட்டு விநாடி ஆகும். சாய்கோடு, 1, என்டர். பிறகு பெரிய எழுத்து என், ஒட்டியே 1, என்டர். இது ஸ்மார்ட் பதிவை (டிரைவ் தன் உடல்நிலையைக் குறித்துவைக்கும் பதிவை) அழிக்கும். செய்தி எதுவும் வராது, திரும்பவும் பிராம்ப்ட் (கட்டளைக்குக் காத்திருக்கும் குறி) வரும், அவ்வளவுதான்.

அணைத்துவிட்டு இருபது விநாடி விடுங்கள். சீரியலைக் கழற்றி, கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். கொள்ளளவு சரியாக வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கையேடுகளில் இதற்கு மேலும் கட்டளைகள் இருக்கும். டிரைவ் எழுந்துவிட்ட பிறகு அவற்றை அடிக்க ஒரு காரணமும் இல்லை. வேறு டிஸ்க்குக்கு உடனே காப்பி எடுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): என்1 வரை வந்துவிட்டேன். இப்போது கொள்ளளவு சைபர் காட்டுகிறது. அடுத்த கட்டளையைப் பார்த்தேன், ஓடும்போது ‘ஃபார்மேட்’ என்று வருமாமே. டேட்டா போய்விடாதா?

நல்ல கேள்வி, பயந்ததும் நல்லதுதான். கட்டளை சின்ன எழுத்து எம், பிறகு 0,2,2,0,0,0,0,22. எல்லாம் ஒட்டியே, நடுவில் இடைவெளி இல்லாமல். இந்த எண்களோடு அடித்தால் அது உங்கள் கோப்புகளை அழிப்பதில்லை. டிரைவுக்குள் ஒரு முகவரிப் புத்தகம் உண்டு, டிரான்ஸ்லேட்டர் என்பார்கள். கம்ப்யூட்டர் கேட்கும் செக்டர் (தட்டின் சிறு சேமிப்புத் துண்டு) எண் தட்டில் எந்த இடம் என்று சொல்வது அது. கெட்ட செக்டர்களைத் தாண்டித்தாண்டி எண் போடுவதும் அதுதான். அந்தப் புத்தகம் சிதைந்தால் கொள்ளளவு சைபராகத் தெரியும். இந்தக் கட்டளை அதைத் திரும்ப எழுதுகிறது.

ஆனால் ஒரு கமா விட்டுப்போனாலும் பொருள் மாறிவிடும், நிஜமாகவே அழிக்கவும் கூடும். அடித்ததை மூன்று முறை உரக்கப் படித்துவிட்டு என்டர் தட்டுங்கள். ஓட ஆரம்பித்த பிறகு வெற்றி என்ற செய்தி வரும்வரை பவரில் கை வைக்காதீர்கள். உங்கள் ஊரில் மின்தடை இருந்தால் யுபிஎஸ்ஸில் மாட்டிச் செய்யுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): டிரைவ் டக் டக் என்று அடிக்கிறது. இதே கட்டளைகள் உதவுமா?

உதவாது. அது பெரும்பாலும் ஹெட் போனதன் சத்தம். அணைத்துவிடுங்கள், தூசியில்லா அறை உள்ள மீட்பு நிறுவனத்திடம் கொண்டுபோங்கள்.

கேள்வி (வேலூர்): திரையில் கட்டம் கட்டமாகக் குப்பை எழுத்து வருகிறது.

வேகத்தைப் பாருங்கள், 38400. சரியாக இருந்தால் கிரவுண்ட் வொயர் தொடவில்லை.

கேள்வி (ஈரோடு): நீங்கள் சும்மா பயமுறுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். என்னிடம் இருப்பது புதிய வகை, எஸ்டி1000டிஎம்003. சைபர் கொள்ளளவு காட்டியது. நேராக அந்த எம் கட்டளையை அடித்தேன். டிரைவ் முழுக் கொள்ளளவோடு வந்துவிட்டது. 7200.11க்கு மட்டும்தான் என்று ஏன் சொல்கிறீர்கள்?

தம்பி, கொள்ளளவு வந்ததும் டேட்டா வந்ததும் ஒன்றல்ல. முகவரிப் புத்தகத்தைப் புதிதாக எழுதிவிட்டீர்கள். பழைய புத்தகம் எழுதப்பட்டபோது இருந்த கெட்ட செக்டர் பட்டியலும் இப்போது எழுதியபோது பயன்பட்ட பட்டியலும் ஒன்றாக இருந்தால் நல்லது. புதிய வகைகளில், பயன்பாட்டின்போது சேர்ந்த கெட்ட செக்டர்களை இந்தக் கட்டளை கணக்கில் எடுக்காமல் விட்டுவிடலாம். ஒரு செக்டர் விட்டுப்போனாலும் அதற்குப் பிறகு உள்ள எல்லா முகவரிகளும் ஒரு வீடு தள்ளிப்போகும். தெருவில் ஒரு கதவு எண்ணைத் தவறவிட்டால் மீதி வீடுகளின் கடிதமெல்லாம் மாறிப்போவது போல. கோப்புப் பெயர்கள் தெரியும், திறந்தால் குப்பை வரும்.

கேள்வி (ஈரோடு): பத்துக் கோப்பு திறந்தேன், பத்தும் சரி.

பத்தும் டிரைவின் முன்பகுதியில் இருந்திருக்கலாம். கடைசிப் பகுதியில் உள்ள பெரிய வீடியோக்களைத் திறந்து பாருங்கள்.

கேள்வி (கோவை, சர்வீஸ் கடை): ஈரோடு நண்பர் பக்கம் நானும் நிற்கிறேன் அண்ணா. நானும் அந்த டிஎம் வகையில் செய்திருக்கிறேன், பாதி எழுந்திருக்கிறது.

பாதி எழுந்தது என்றால் மீதி பாதி யாருடைய படங்கள்? இதில்தான் எனக்கு மனது பதறுகிறது. கடையில் வருவது உங்கள் டிரைவ் இல்லை. எழாத டிரைவ் வேறு காரணத்தால் போயிருக்கலாம் என்பீர்கள். இருக்கலாம். ஆனால் கட்டளை அடிப்பதற்கு முன் அந்தப் பழைய முகவரிப் புத்தகத்தை நகல் எடுத்து வைத்தீர்களா? தொழில்முறை மீட்புக் கருவி வைத்திருப்பவர்கள் முதல் வேலையாக அந்த ஒதுக்குப்புறத் தடங்களை முழுதாக நகல் எடுப்பார்கள். தப்பு நடந்தால் திரும்பப் போடலாம். நம்மிடம் இருப்பது வெறும் டெர்மினல், அடித்தது அடித்ததுதான். பல புதிய டிரைவ்களில் இந்தச் சீரியல் வழியையே பூட்டி வைத்திருக்கிறார்கள், கன்ட்ரோல் இசட்டுக்குப் பதிலே வராது.

இன்னொன்று. டிஎம் வரிசையில் 3 டிபி டிரைவ்கள் அதிகம் செத்துப்போவதாக பேக்பிளேஸ் என்ற ஆன்லைன் காப்பு நிறுவனம் 2015இல் தன் கணக்கையே வெளியிட்டது. அங்கே பிரச்சினை ஒரு பதிவேட்டு எண் இல்லை. ஃபர்ம்வேர் உறையும் நோய்க்கான மருந்தை அங்கே ஊற்றி என்ன பயன்?

கேள்வி (கோவை): வாடிக்கையாளர் முப்பதாயிரம் கொடுத்து நிறுவனத்துக்குப் போக மாட்டார் அண்ணா. நான் செய்யாவிட்டால் டிரைவ் குப்பைக்குத்தான் போகும்.

அது நியாயமான பேச்சு, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: இதைச் செய்தால் பிறகு யாராலும் மீட்க முடியாமல் போகலாம், சம்மதமா என்று. எழுதி வாங்குங்கள். டேட்டா வேண்டாம், டிரைவ் மட்டும் ஓடினால் போதும் என்பவருக்குத் தாராளமாகச் செய்யலாம்.

கேள்வி (கடலூர்): போர்டு எரிந்துவிட்டது. அதே மாடல் போர்டு மாட்டினால் ஓடுமா?

அப்படியே மாற்றினால் ஓடாது. போர்டில் எட்டுக் கால் உள்ள சின்ன ரோம் சிப் ஒன்று இருக்கும். அந்த டிரைவின் ஹெட்களுக்கென்றே அளந்து எழுதிய விவரங்கள் அதில் இருக்கின்றன. அந்தச் சிப்பைப் பழைய போர்டிலிருந்து எடுத்துப் புதியதில் பற்றவைக்க வேண்டும். சூடான காற்று ஸ்டேஷன் உள்ள செல்போன் சர்வீஸ்காரர் செய்துவிடுவார். பழைய போர்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கேள்வி (திண்டுக்கல்): என் டிரைவும் பயாஸில் வரவில்லை. கட்டளை அனுப்புங்கள்.

மாடல் என்ன? சுழல்கிறதா? சத்தம் எப்படி? இது மூன்றும் இல்லாமல் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.

கேள்வி (கரூர்): வெஸ்டர்ன் டிஜிட்டலுக்கும் இதே கட்டளைதானே?

இல்லை. பின்கள் இருக்கும், இந்த மொழி அங்கே செல்லாது.

கேள்வி (விழுப்புரம்): ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வைத்தால் சரியாகும் என்கிறார்களே?

வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் தட்டில் ஈரம் படியும்.

கேள்வி (திருநெல்வேலி): டக் டக் சத்தம் வருகிறது, சீரியல் கட்டளை அனுப்புங்கள் சார்.

மேலே தஞ்சாவூர்க்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். தயவுசெய்து அணைத்துவிட்டுப் படியுங்கள்.

கேள்வி (ஈரோடு): நீங்கள் சொன்னபடி கடைசிப் பகுதி வீடியோக்களையும் திறந்து பார்த்துவிட்டேன். எல்லாம் ஓடுகிறது.

கேட்க நிஜமாகவே சந்தோஷம். உங்கள் டிரைவில் புதிதாகச் சேர்ந்த கெட்ட செக்டர் இல்லாமல் இருந்திருக்கும். அடுத்தவர் டிரைவில் அது இருக்குமா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, அதனால் என் பேச்சை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. இன்றைக்கே வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி (திருச்சி ஸ்டுடியோ): சார், கொள்ளளவு வந்துவிட்டது! ஃபோல்டர்கள் எல்லாம் தெரிகிறது. இனி வராமல் இருக்க சீகேட்டின் திருத்தமான எஸ்டி1ஏ ஃபர்ம்வேர் போட வேண்டும் என்கிறார்களே, இப்போதே போட்டுவிடவா?

இப்போது வேண்டாம். 2009 ஜனவரியில் அந்தத் திருத்தத்தின் முதல் பதிப்பே சில 500 ஜிபி டிரைவ்களை முடக்கிவிட்டது, சீகேட் அதைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்து மறுபடி வெளியிட்டது. ஃபர்ம்வேர் ஏற்றுவது எப்போதும் காப்பி முடிந்த பிறகுதான். இப்போது டிரைவை அணைக்காதீர்கள், ஒரு ஃபேன் காற்று படும்படி வையுங்கள். கல்யாணப் படங்களை முதலில் எடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். நடுவில் ஏதாவது கோப்பில் நின்றால் அதோடு மல்லுக்கட்டாமல் தாண்டிப் போங்கள், விட்டதை லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் வைத்துப் பிறகு பார்க்கலாம். முடிந்ததும் எழுதுங்கள், எத்தனை மணி ஆனாலும் விழித்திருப்பேன்.