கண்ணை மூடினால் காணாமல் போகிறேன்

கேள்வி: எனக்கு வயது 34. ஈரோடு பக்கம். அம்மா இறந்த பிறகு, படிக்க வசதி என்று மாமா வீட்டில் விட்டார்கள். ஏழு வயதிலிருந்து அங்கே அடி, இருட்டறை, எழுத முடியாத இன்னும் சில. அப்போதெல்லாம் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டே எங்கேயோ போய்விடுவேன், வலி தெரியாது. இப்போது அது தானாகவே நடக்கிறது. பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கும், பக்கத்திலேயே நின்றிருப்பேன். சில நேரம் என் கையே யாருடையதோ போலத் தெரிகிறது. கெட்ட கனவுகள் வேறு. தோழி சொன்னாள் என்று தியான வகுப்புக்குப் போனேன். கண்ணை மூடி மூச்சைக் கவனித்ததும் பழையபடி காணாமல் போய்விட்டேன். திரும்பி வந்தபோது உடம்பெல்லாம் நடுங்கியது. "விலகி நின்று சாட்சியாகப் பாருங்கள்" என்கிறார் ஆசிரியர். அதுதான் எனக்கு ஏழு வயதிலேயே தெரியுமே! அடுத்த மாதம் பத்து நாள் மௌன முகாம். முன்பணம் கட்டிவிட்டேன். போகலாமா?
— பெயர் வேண்டாம்

பதில்: சகோதரி, "அதுதான் எனக்கு ஏழு வயதிலேயே தெரியுமே" என்ற வரியில் நீங்களே பாதி பதிலைச் சொல்லிவிட்டீர்கள்.

ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது என்றால் ஒரு குழந்தைக்கு மிச்சமிருக்கும் வழி, உடம்பை அங்கேயே விட்டுவிட்டு மனசு மட்டும் கிளம்பிவிடுவது. இதை டிசோசியேஷன் என்கிறோம். பிரான்ஸில் பியர் ஜானே என்ற உளவியலாளர் 1889-லேயே இதைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். பி.டி.எஸ்.டி. (பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வருகிற மனநலப் பாதிப்பு) என்றாலே திடுக்கிடுவதும் படபடப்பதும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். தன் உடம்பு தன்னுடையதில்லை என்றும், சுற்றியிருப்பது நிஜமில்லை என்றும் தோன்றுகிற வகையை 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு பி.டி.எஸ்.டி.யின் தனிப் பிரிவாகவே சேர்த்தது. உங்கள் கடிதம் அதை நினைவுபடுத்துகிறது. ஆனால் கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் வைப்பது முறையல்ல. வலிப்பு நோயின் சில வகைகளிலும் இப்படி நடக்கும் என்பதால் முதலில் ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சரி, சாட்சி விஷயத்துக்கு வருவோம். ஃபேனைப் பார்த்த அந்தக் குழந்தை வலியைக் கவனிக்கவில்லை. வலி இருந்த இடத்தில் அவள் இல்லை, அவ்வளவுதான். விழிப்புணர்வுத் தியானம் கேட்பது இதற்கு நேர் எதிர்: அடுப்படியில் நிற்கும்போது அடுப்படியிலேயே இருப்பது. இந்த விழிப்புணர்வை, அதாவது மைண்ட்ஃபுல்னெஸை அளக்கும் கேள்வித்தாள்களில் 'செய்கிற காரியத்தில் மனம் இருக்கிறதா' என்று ஒரு பகுதி வரும். டிசோசியேஷன் அதிகமுள்ளவர்களுக்கு அடிவாங்குவது அந்தப் பகுதிதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி அமைதியாகத் தெரியும். ஆசிரியருக்கும் அதனால்தான் வித்தியாசம் தெரியவில்லை. உங்கள் கதை தெரியாமல் அவர் என்ன செய்வார், பாவம். ஆனால் உடம்பு நடுங்க எழுந்து வந்தவரிடம் என்ன ஏது என்று கேட்டிருக்கலாம்.

உங்களுக்குக் கண்ணை மூடுவதே பழைய பயணச்சீட்டு. ஆகவே கண்ணைத் திறந்துகொண்டு, வெளியிலிருந்து ஆரம்பியுங்கள். பால் அடுப்பில் இருக்கும்போது பாதம் தரையில் பதிகிறதா என்று பாருங்கள். டைல்ஸ் சில்லென்று இருக்கிறதா? கண்ணில் படுகிற ஐந்து பொருட்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிடி நழுவுகிற மாதிரி இருந்தால் பெருங்காய டப்பாவைத் திறந்து மோந்து பாருங்கள், அது ஆளை இழுத்துக்கொண்டு வந்துவிடும். (மாமா வீட்டு ஞாபகத்தைக் கிளப்புகிற வாசனை என்றால் வேண்டாம், வேறு எடுத்துக்கொள்ளுங்கள்.) "எனக்கு 34 வயசு, இது என் வீடு" என்று சத்தமாகச் சொல்வதும் உதவும். ஒன்றிரண்டு நிமிடம் போதும். மூச்சைக் கவனிப்பதெல்லாம் அப்புறம்.

இதெல்லாம் பிடித்து நிற்க ஒரு இடம் கிடைக்கத்தான். பழைய காயத்துக்கு வைத்தியம் வேறு. அதிர்ச்சி அனுபவங்களுக்கென்றே டிராமா தெரபி, ஈ.எம்.டி.ஆர். (கண்ணை இடவலமாக அசைத்தபடி பழைய நினைவைக் கையாளும் சிகிச்சை) போன்ற முறைகள் இருக்கின்றன, அவற்றில் பயிற்சி பெற்றவரைத் தேடிப் போங்கள். தியானம் வீண் என்று சொல்லவில்லை. 2015-இல் அமெரிக்காவில் பி.டி.எஸ்.டி. உள்ள 116 முன்னாள் படைவீரர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி பெற்றவர்களுக்கு மற்றவர்களைவிட அறிகுறிகள் குறைந்தன, ஆனால் கொஞ்சம்தான். அதுவும் கூடவே ஆள் இருந்து நடத்திய பயிற்சி. யாரோடும் பேசாமல் பத்து நாள் உட்கார வைப்பது அல்ல.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் என்று பெயர், இலவசம், தமிழிலேயே பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. போனதும் முழுக் கதையையும் கொட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. "சின்ன வயதில் கொடுமை நடந்தது, அடிக்கடி நினைவு தப்பின மாதிரி ஆகிறது" என்றால் போதும், மீதியை அவர்கள் பார்த்துக் கேட்பார்கள்.

முகாமுக்கு இப்போது போக வேண்டாம். முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். காரணம் கேட்டால் "உடம்பு சரியில்லை" என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. தராவிட்டால் போகட்டும், விடுங்கள்.